மச்சான் என் வண்டியோடு மட்டும் பேசிய வருஷம்

போன வருஷம் முழுக்க என் மச்சான் சோணைமுத்து என்னோடு பேசவில்லை. என் வண்டியோடு நன்றாகவே பேசினார். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, லோடு ஏற்றியாகிவிட்டதா என்று அதனிடம் கேட்பார். பின்டயரில் காற்று குறைந்திருக்கிறது, உன் முதலாளிக்குக் கண் தெரியாதா என்பார். நான் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது ஒரு பை நிறைய சாத்துக்குடி வாங்கிவந்து அதன் பானட்மேல் வைத்தார். "உடம்பப் பாத்துக்கப்பா, வெயில்ல அலையாத" என்று ஹெட்லைட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழத்தை நான்தான் தின்றேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சாடை பேசுவது என்று பெயர். கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். பேசாமல் இருக்கவும் அவர்களால் முடியாது. அதனால் நடுவில் ஒரு கோழியையோ, கொடியில் காயும் துணியையோ நிறுத்தி, சொல்ல வேண்டியதை அதனிடம் சொல்வார்கள். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். எங்கள் சின்னம்மா ஒருத்தி தன் ஓரகத்தியோடு ஒரு கிரைண்டர் வழியாகவே பேசி வருஷக்கணக்கில் கூட்டுக் குடும்பம் நடத்தியவள். ஆனால் பிக்கப் வண்டியை நடுவில் வைத்துச் சாடை பேசியது எனக்குத் தெரிந்து நாங்கள்தான். சண்டையே அந்த வண்டியால் வந்ததுதான் என்பதால், அதன் நிலைமை அந்தக் கிரைண்டரின் நிலைமையைவிடச் சங்கடமானது.

எழுமலையிலிருந்து டி. கல்லுப்பட்டி வரைக்கும் காடுகரைக்குள் இறங்கி ஓடுகிற வண்டிகள் இரண்டே கம்பெனி. கம்பெனிப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஒன்றின் முகப்பில் வளைந்த இரண்டு கொம்பு இருக்கும். அது கொம்பு வண்டி. இன்னொன்றில் விரித்த சிறகு. அது சிறகு வண்டி. ஐப்பசி மழையில் கரிசல் நனைந்துவிட்டால் சக்கரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. அதற்குள்ளிருந்து வெங்காயத்தையும் மக்காச்சோளத்தையும் வெளியே கொண்டுவர நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். இரண்டுமே இழுக்கும். எது நன்றாக இழுக்கும் என்பதில்தான் எங்கள் வட்டாரம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் "உங்க வீட்டுல கொம்பா, சிறகா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டவன் நான்தான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

மச்சான் கொம்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனவர். பின்னால் எடுக்கும் லாரிக்கு "வாங்க வாங்க வாங்க" என்று கத்திக் கத்தியே அவர் தொண்டை ஒரு மாதிரியாகிவிட்டது. இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களை அவர் வாங்க என்று கூப்பிட்டால், வந்தவர் ஒரு தடவை தனக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பிறகு டிரைவரானார். என் அக்கா தமிழ்ச்செல்வியைக் கட்டிய மறுவருஷம் ஒரு பழைய கொம்பு வண்டியை எடுத்தார்.

அக்காவுக்கு வலி கண்ட அன்று விடாத மழை. ஆம்புலன்ஸ் தார்ரோட்டோடு நின்றுவிட்டது. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த பாதை முழுக்கச் சேறு. மச்சான் அக்காவை முன்சீட்டில் சாய்த்து உட்காரவைத்து, லோ கியரைப் போட்டு, வழியெல்லாம் வண்டியோடு பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சத்யப்ரியா பிறந்தாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அந்த இரண்டு கொம்புக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. அதை வெறும் கம்பெனி முத்திரை என்று மச்சானிடம் சொல்லிவிட்டு யாரும் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வர முடியாது.

நான் எப்படிக் கொம்புக்காரன் ஆனேன் என்பதற்குத் தனிக் கதை வேண்டியதில்லை. மதுரையில் கல்லூரி ஹாஸ்டலுக்கு என் டிரங்குப் பெட்டியையும் பாயையும் கொண்டுபோய் இறக்கியது அந்த வண்டிதான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியலில் பி.எஸ்ஸி. முடித்தேன். பட்டம் வாங்கிய வாரம் மச்சான் தன் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார். 'எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி' என்று மேலே போட்டு, அங்கி போட்ட என் படத்தைக் கொம்பு முத்திரைக்கு நடுவில் வைக்கச் சொல்லியிருந்தார். டிசைன் செய்தவர் சரியாக நடுவில் வைத்துவிட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் கொம்பு என் தலையிலிருந்து முளைத்தது போலத்தான் தெரியும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அன்றைக்கு அந்த வழியாக வேலையில்லாமல் பலமுறை போய்வந்தேன்.

படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை என்று சொல்வது சரியல்ல. கிடைத்தது. இரண்டு மாதம் ஒரு தனியார் பள்ளியில் பாடம் நடத்தினேன். பிறகு மச்சான் பார்த்துக்கொடுத்த பழைய கொம்பு வண்டி ஒன்றை வாங்கி, காட்டில் வெங்காயம் பிடித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் இறக்கும் தொழிலுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் என் படிப்பு வீணாகப் போகவில்லை. அது மச்சானுக்குப் பயன்பட்டது.

அவர் ஊர் டீக்கடையில் சிறகுக் கட்சிக்குத் தலைவர் மருது. சாயங்காலம் ஆனால் சண்டை ஆரம்பித்துவிடும். எதிலும் தோற்காத மருதுவிடம் மச்சான் கடைசியாக என்னைக் காட்டுவார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, முறுக்கு விசை என்றால் என்ன என்று ஆரம்பிப்பேன். விசை, தூரம், அச்சு என்று போகும். ஒருவருக்கும் புரியாது. எனக்கும் பாதிக்குமேல் நிச்சயமில்லை. ஆனால் முடிவில் கொம்புதான் ஜெயிக்கும். மச்சான் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொல்வார்: "நான் சொன்னா நம்ப மாட்டீக. படிச்சவன் சொல்றான்ல." அவருடைய கட்சிக்கு என் டிகிரிதான் சாட்சி என்பது அப்போது எனக்குப் பெருமையாக இருந்ததே தவிர, சாட்சி மாறினால் என்ன ஆகும் என்று தோன்றவில்லை.

மாறினேன். ஏன் மாறினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சஸ்பென்ஷன், கியர் விகிதம், தரையிலிருந்து வண்டியின் உயரம் என்று காரணம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றும் உண்மையில்லை. உண்மையான காரணம் ஒரு 'சார்'.

விஜய்ஆனந்த் என் கல்லூரித் தோழன். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் வீடு, சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா ஜவுளிக்கடையைக் கவனித்துக்கொள்ள, இவன் சிறகு வண்டி ஷோரூமில் சேல்ஸில் இருந்தான். மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு அவனைச் சும்மா பார்க்கப் போனேன். என்னை எப்போதும் 'டேய் முத்து' என்று கூப்பிடுகிறவன். அன்று அவனுடைய மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார், உக்காருங்க சார்" என்றான். புது வண்டியின் கதவைத் திறந்துவிட்டான். "இது எல்லாருக்கும் செட் ஆகாது சார். படிச்சவங்கதான் இதோட அருமை தெரிஞ்சு எடுக்கறாங்க."

மேனேஜருக்காகச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். ஏசி முகத்தில் அடித்தது. பட்டம் வாங்கிய நாளிலிருந்து யாராவது ஒருவர் என்னை இப்படிக் கூப்பிட வேண்டுமென்று காத்திருந்திருக்கிறேன் என்பது அந்தக் குளிரில்தான் புரிந்தது. எங்கள் ஊரில் எனக்கு முத்துக்குமரன் என்ற பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது, வெங்காயக்காரர்தான். மேனேஜர் உள்ளே போனதும் விஜய் குனிந்து, "டேய், சீட்டுல வெங்காயத் தோலு ஒட்டுது, தட்டிவிட்டுட்டு எந்திரி" என்றான். அதற்குள் நான் மனதில் வண்டியை எடுத்துவிட்டிருந்தேன்.

பழைய கொம்பு வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை டெலிவரி எடுத்த அன்று வண்டியூர் தெப்பக்குளம் மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். பிறகு ஸ்டிக்கர் கடையில் முன்கண்ணாடியின் உச்சியில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும், 'முத்துக்குமரன் பி.எஸ்ஸி.' என்று ஒட்டச் சொன்னேன். பெயர் நீளம் என்பதால் எழுத்தைச் சின்னதாக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். பெயரை வேண்டுமானால் சின்னதாக்குங்கள், பி.எஸ்ஸி. அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன்.

அது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். கொம்பு வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து டீக்கடை எதிரில் ஃப்ளெக்ஸ் கட்டுவது வழக்கம். அந்த வருஷத்து ஃப்ளெக்ஸும் அச்சாகி வந்திருந்தது. நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியபோது அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என் படம்தான், கொம்போடு. ஏணிமேல் நின்றுகொண்டிருந்த மச்சான் கீழே பார்த்தார். சிறகைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கி என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

மருது முதலில் சிரித்தார். "என்னண்ணே, சாட்சியே கட்சி மாறிருச்சு" என்றார். டீக்கடை முழுக்கச் சிரித்தது. நான் வாயைத் திறந்து சஸ்பென்ஷன் என்று ஆரம்பித்தேன்.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. பானட்டை மெல்லத் தட்டினார். "வாப்பா பி.எஸ்ஸி. ஊருக்குப் புதுசா? உன்னை ஓட்டிட்டு வந்தவர் ஆருன்னு தெரியல. எங்க மாப்ள சாயல்ல இருக்காரு. ஆனா எங்க மாப்ள கொம்பு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து என் பட்டம் என்னை விட்டு வண்டிக்குப் போய்விட்டது. ஃப்ளெக்ஸைப் புதிதாக அடிக்க நேரமில்லை. என் முகத்தின்மேல் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டிவிட்டு பூஜையை முடித்தார்கள். பூஜை முடிந்ததும் மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மழைக்கு எருக்குழியை மூடப் பயன்படுத்தினார். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கியோடும் கொம்போடும் நான் சாணத்துக்கு மேலே மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவர் என் வண்டியோடு பேசினால் நான் அவர் வண்டியோடு பேசினேன். "வயசாச்சு பெருசு, ஏத்தத்துல மூச்சு வாங்குது போல" என்பேன். அவர் என் வண்டியிடம், "ஏப்பா பி.எஸ்ஸி., உள்ள குளுகுளுன்னு இருக்காமே, வெங்காயத்துக்குச் சளி புடிச்சுறாது?" என்பார். டீக்கடையில் மருது என்னை இழுத்துப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அதே முறுக்கு விசையை, அதே அச்சை, அதே தூரத்தை வைத்து இப்போது சிறகு ஜெயிப்பதாக நிரூபித்தேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்போதும் ஒருவருக்கும் புரியவில்லை அல்லவா. மச்சான் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். பிறகு அந்தக் கடைக்கே வருவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏசியை அணைத்துவிட்டுப் போனேன். ஏன் என்று தெரியவில்லை.

அக்கா இரண்டு பக்கமும் சேராமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்திரையில் ஒருநாள் இரண்டு வண்டியும் அவள் வாசலில் மூக்கோடு மூக்கு நிற்க, நாங்கள் இருவரும் வழக்கம்போல இரும்போடு பேசிக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு டம்ளர் மோரைக் கொண்டுவந்து ஒவ்வொரு பானட்மேலும் ஒன்றை வைத்தாள்.

"ஆவணியில புள்ளைக்குக் காது குத்து. நாள் பாத்தாச்சு" என்றாள். "மடியில வைக்கத் தாய்மாமன் வேணும். தாய்மாமனை வாங்கன்னு கேக்க அப்பன் வேணும். ரெண்டு பேரும் வண்டிகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

இதில் விளையாட முடியாது. எங்கள் பக்கத்தில் காது குத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்து எல்லையில் நிற்க வேண்டும். குழந்தையின் அப்பா எதிர்கொண்டு வந்து, மாலை போட்டு, வாங்க என்று வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்காத வீட்டுக்குள் மாமன் காலெடுத்து வைக்கமாட்டான். எத்தனை தட்டு, எத்தனை வேட்டு என்பதெல்லாம் அப்புறம். அந்த ஒரு வார்த்தை விழாததால் சீர்த்தட்டோடு திரும்பிப்போன மாமன்களின் பெயர்களை எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள்.

மச்சான் மோரைக் குடித்துவிட்டு என் வண்டியிடம்தான் பதில் சொன்னார். "மாமன் முறைக்கு ஆளா இல்ல பி.எஸ்ஸி.? எழுமலையில சித்தப்பன் மகன் இருக்கான். கொம்புதான் வச்சிருக்கான்."

அவர் சொன்னது அழகுபாண்டியை. என் சித்தப்பா மகன். அடுத்த வாரமே அவன் பட்டுச்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்தது. சத்யப்ரியா என் மடியில்தான் முதன்முதலில் உட்கார்ந்து சோறு தின்றவள். என்னை 'ஏ மாமா' என்று பேர் வைத்துக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவாள். அந்தக் காதை வேறொருவன் மடியில் வைத்துக் குத்துவதா?

வண்டியை விற்றுவிட்டுத் திரும்பக் கொம்புக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். விஜய்யிடம் சொன்னபோது, "உங்க மச்சானுக்குக் கோவம் வண்டி மேல இல்லடா, உன் மேல" என்றான். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னான். ஆனாலும் அவன் என்னோடு தெற்காவணி மூல வீதிக்கு வந்து, நகைக்கடைக்காரரிடம் தன் வீட்டு மொழியில் பேசிப் பேசி, குழந்தைக்கு ஒரு ஜோடித் தோட்டைச் சல்லிசாக வாங்கிக்கொடுத்தான். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியலானேன். கூப்பிடுவார்களா என்று தெரியாத விசேஷத்துக்கு நகை வாங்கியவன் நான்.

கூப்பிட்டார்கள். அக்கா கூப்பிட்டாள். மச்சான் அழகுபாண்டியையும் வரச் சொல்லியிருந்தார், பட்டுச்சட்டையோடு.

காது குத்து மச்சானின் குலசாமி கோயிலில். ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில். முந்தின நாள் நல்ல மழை. தட்டு, பழம், பட்டுப்பாவாடை, கிடா, கொட்டுக்காரர்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் என்று சிறகு வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பாதை நெடுகக் கொம்புக் கட்சி வரப்பில் நின்றுகொண்டிருந்தது. நான் சேற்றில் மாட்டிக்கொள்வதைப் பார்ப்பதற்காகக் காலையிலேயே வந்துவிட்டிருந்தார்கள். இழுக்கக் கயிறுகூட வைத்திருந்தார்கள். நானும் மாட்டிக்கொள்வேன் என்றுதான் நினைத்தேன். மாட்டியிருந்தால் ஒருவேளை நல்லதாகக்கூட இருந்திருக்கும். மச்சான் தன் கொம்பைக் கொண்டுவந்து இழுத்திருப்பார், கோபம் அதோடு போயிருக்கும். பாழாய்ப்போன வண்டி மாட்டவில்லை. கல்யாண வீட்டு ஜமக்காளத்தின்மேல் போவதுபோலப் போய்க் கோயில் எல்லையில் நின்றது. வரப்பில் நின்றவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்கள்.

எல்லையில் மச்சான் மாலையோடு நின்றார். பக்கத்தில் பட்டுச்சட்டையில் அழகுபாண்டி. கொட்டு நின்றது. நான் கீழே இறங்கக் கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்தேன். மச்சான் நடந்துவந்தார். என்னைத் தாண்டி வந்து, கையிலிருந்த மாலையை வண்டியின் பானட்மேல் போட்டார். சிறகு முத்திரை மறையாமல் சரிசெய்தும் விட்டார்.

"வாங்க" என்றார், வண்டியைப் பார்த்து. லாரிக்குச் சொல்லும் அதே குரலில்.

சிரிப்பை அடக்க முடியாமல் பெண்கள் தட்டுகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் படியிலுமாக நான் தொங்கினேன். என்னைக் கூப்பிட்டதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. உடனே அங்கேயே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. மாலை விழுந்துவிட்டது, வார்த்தையும் விழுந்துவிட்டது, மாமன் உள்ளே வரலாம் என்றது எங்கள் பக்கம். விழுந்தது வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை என்றது அவர்கள் பக்கம். அழகுபாண்டி ஒரு அடி முன்னால் வந்தான். நான் சட்டைப்பையில் இருந்த தோட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வாயில் முறுக்கு விசையைப் பற்றிய வாக்கியம் ஒன்றுதான் தயாராக இருந்தது.

மச்சானின் பெரியப்பா தவசி கடைசியில் பேசினார். அவருக்குப் பசி. "வண்டியை வாங்கன்னு கேட்டாச்சு. வண்டி உள்ள வரட்டும். வண்டிக்குள்ள இருக்கிறது வண்டியோட சேத்தி. லோடு மாதிரி. கீழ இறங்கினாத்தான் ஆளு. இறங்காம இருந்துட்டுப் போகட்டுமே."

யோசித்துப் பார்த்து இரண்டு பக்கமும் சரி என்றது. நான் படியில் இருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். கொட்டு முழங்க, லோடாக, கோயில் வாசல் வரை ஓட்டிக்கொண்டு போனேன். என்னைத் தவிர வண்டியில் இருந்த எல்லாரும், கிடா உள்பட, கௌரவமாகக் கீழே இறங்கினார்கள்.

குழந்தைக்கு மொட்டை அடித்து, சந்தனம் பூசி, அக்கா தூக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்காமல் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, என் மடியில் உட்காரவைத்தாள். "இவன் மடிதான்" என்று மட்டும் சொன்னாள். அழகுபாண்டி பட்டுச்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்திப் பக்கம் போனான். காது குத்தும் ஆசாரி வந்து பார்த்தார். கோயிலில் குத்தியிருக்கிறேன், வீட்டில் குத்தியிருக்கிறேன், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் குத்துவது இதுதான் முதல் என்றார். சீட்டைப் பின்னால் தள்ளச் சொன்னார்.

வலதுகாது கதவுப் பக்கம் இருந்ததால் எளிதாக முடிந்தது. சத்யப்ரியா ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கம்பி இறங்கியது தெரியவில்லை. தெரிந்தபிறகுதான் கத்தினாள். கையையும் காலையும் உதறியதில் ஹாரன் அலறியது, வைப்பர் ஓடியது. இடதுகாதுக்கு அவளை என்னைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தோம். என் சட்டையைப் பிய்த்துக்கொண்டு அவள் முறுக்கிக்கொண்டதில் ஆசாரியின் கை இரண்டுமுறை விலகியது. அவர் கம்பியை எடுத்துவிட்டார்.

"தலைய ஒருத்தர் கெட்டியாப் பிடிக்கணும். இல்லாட்டி குத்த மாட்டேன். அந்தப் பக்கத்து சீட்டுல ஏறுங்க ஆராச்சும்."

குழந்தை அப்பா அப்பா என்று அலறிக்கொண்டிருந்தாள். இடதுபக்கக் கண்ணாடிக்கு வெளியே மச்சான் நின்றிருந்தார். கதவின் பிடியைப் பார்த்தார். அதை எப்படித் திறப்பதென்று அவருக்குத் தெரியாமலிருக்காது; லாரியில் பாதி ஆயுசைக் கழித்தவர். திறந்தார். ஏறினார். கதவை அடைத்துவிட்டு இரண்டு கையாலும் மகளின் மொட்டைத் தலையைப் பிடித்தார்.

"மாப்ள, கைய நீ பிடிச்சுக்க. தலைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் பிடித்துக்கொண்டேன். ஆசாரி குத்தினார். விஜய் பேரம் பேசி வாங்கிய தோடு ஏறியது. மூன்று பேரில் யார் அதிகமாக அழுதோம் என்று அக்காதான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நான் சொல்லமாட்டேன்.

எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். குழந்தை தேம்பித் தேம்பி என் நெஞ்சிலேயே தூங்கிப்போனாள். அவள் தூங்குவதால் நான் அசையவில்லை. நான் அசையாததால் மச்சானும் இறங்கவில்லை. கதவைத் திறந்தால் வெயில் அடிக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துவிட்டு, மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டலாமா மாப்ள?"

கூட்டினேன். கம்ப்ரஸர் என்பது காற்றை எப்படிக் குளிரவைக்கிறது, அழுத்தம் குறையும்போது வெப்பம் என்ன ஆகிறது என்று ஆரம்பித்தேன்.

"மாப்ள, சும்மா இரு" என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

அவரே என்னை இறங்கச் சொன்னதால்தான் அன்றைக்கு நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கைகழுவக் கோயிலுக்குப் பின்பக்கம் போனபோது, புளியமரத்தடியில் அவருடைய பழைய கொம்பு வண்டி நிற்பதைப் பார்த்தேன். மச்சான் அதன் முன்னால் குனிந்து நின்று, தோளில் கிடந்த துண்டால் இரண்டு கொம்பையும் துடைத்துக்கொண்டிருந்தார். யாரிடமோ பேசுவது கேட்டது. பக்கத்தில் யாருமில்லை.

"புள்ள அழுதுச்சு, அதான் ஏறினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "ஏசியில சித்த நேரம் உக்காந்தேன். அம்புட்டுதான், வேற ஒண்ணும் இல்ல. கோவிச்சுக்காத."

நான் கை கழுவாமலே திரும்பிவிட்டேன்.